அறுபது ஒன்லி

திங்கள் மாலை அம்மாவும் நானும் சமையலறை ஜன்னலின் கொசுவலையைக் கழற்றிக் கழுவினோம். அலுமினியச் சட்டம், நான்கு திருகு. நான் கழற்றினேன். அம்மா தேய்த்தாள். நான் அலசினேன். இருவருமாகத் திரும்ப மாட்டினோம். கடைசித் திருகை நான் முழு பலத்தோடு முறுக்கியபோது அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"அதை ஏண்டி அந்தப் பாடு படுத்துற? கால் சுத்து விடு. நாளைக்குக் கழட்டணும்னா வரணும்ல?"

"நாளைக்கு யாரு கழட்டப் போறா?"

"யாராவது."

கால் சுற்று தளர்த்தினேன். தேநீர் குடித்தோம். நான் பேருந்து பிடித்து என் வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய் காலை ஏழேகாலுக்கு அப்பா போன் செய்தார். பல் தேய்க்கும்போது அம்மா விழுந்துவிட்டாள் என்றார். மருத்துவமனை போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. வயது அறுபத்தொன்பது.

அம்மா வேலை பார்த்த அலுவலகத்தின் ஓய்வுபெற்றோர் சங்கம், தன் மலருக்காக ஐந்து வரிக் குறிப்பு ஒன்று கேட்டது. பிறந்த ஆண்டு, சேர்ந்த ஆண்டு, பதவி, ஓய்வு, குடும்பம் என்று எழுதினேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "யாரும்மா இது?" என்றார். அதனால் மறுபடி எழுதுகிறேன். ஐந்து வரிக்குள் அடங்காது.

அது ஐந்து மாடி அலுவலகம். அம்மாவின் பதவி பலகைப் பொறுப்பாளர். கட்டடத்தில் இருந்த அறிவிப்புப் பலகைகள் எல்லாம் அவள் கையில். தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறைதான் அவள் இடம். அங்கே நிமிராமலே நடக்கப் பழகிவிட்டதால் வீட்டிலும் கொஞ்சம் குனிந்தே நடப்பாள்.

பலகைகள் எழுதப்படுவதில்லை. சேர்க்கப்படும். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வார்த்த உலோகத் தகடு, இரண்டு துளை, இரண்டு திருகு. சொற்கள் எல்லாம் ஆங்கிலம். கட்டடம் கட்டியபோது வார்ப்புப் பட்டறைக்கு ஓர் எழுத்தர் பட்டியல் அனுப்பியிருக்கிறார். ஸ்டாஃப், விசிட்டர்ஸ், ரூம், டோர், வெயிட், ஹியர், நோ என்று அறுபது சொற்கள், ஒவ்வொன்றிலும் ஆறு. பட்டியலின் அடியில், எந்த எண்ணை எழுதினாலும் யாரும் பின்னால் ஒரு சைபர் சேர்த்துவிடாதபடி முத்தாய்ப்பு வைக்கும் அலுவலக வழக்கப்படி, 'மொத்தச் சொற்கள் அறுபது ஒன்லி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பட்டறைக்காரர் நேர்மையானவர். அறுபது சொற்களையும் வார்த்தார். கூடவே அறுபது ஒன்லியும் வார்த்து அனுப்பினார்.

திருப்பி அனுப்ப முடியவில்லை. கேட்டதைத்தானே கொடுத்தேன் என்றார் அவர். போதாததற்குப் பொருள் கிடங்கின் விதி ஒன்று இருந்தது. ஒரு வகைப் பொருளின் இருப்பு தீராமல் அதே வகையில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. சொற்கள் ஒரே வகை. அறுபது ஒன்லி தீரும்வரை அந்த அலுவலகத்துக்குப் புதுச் சொல் கிடையாது.

அம்மாவுக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் இருப்பைத் தீர்க்கத் தன்னால் ஆனதைச் செய்தார். கதவில் 'டோர் ஒன்லி' என்று மாட்டினார். அது கதவு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கிடங்கின் மேல் 'ஒன்லி ஸ்டோர்ஸ் ஒன்லி'. பெண்கள் கழிவறைக்கு 'லேடீஸ் ஒன்லி' என்பது சரிதான். ஆண்களைக் குறிக்கும் சொல்லை எழுத்தர் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தார். அதனால் பக்கத்துக் கதவில் 'ஒன்லி'. அவ்வளவுதான், ஒரே தகடு. எல்லாரும் சரியாகத்தான் போனார்கள்.

அம்மா இருபத்து நான்கு வயதில் அந்த அறைக்கு வந்தாள். பள்ளி இறுதி வரைதான் படிப்பு. ஆங்கிலம் அளவோடு தெரியும். ஆனால் அந்த ஒரு சொல் அவளைத் தூங்கவிடவில்லை. வீட்டில் காகிதத் துண்டுகளில் சொற்களை எழுதித் தரையில் பரப்பி, ஒன்லியை மட்டும் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பாளாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சட்டம் வந்ததாம். அப்பா சாப்பாட்டுத் தட்டோடு வந்து, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நிற்பாராம்.

நான் பொறியியல் படித்தேன். நீரேற்று நிலையத்தில் அளவுக் கருவிகள் என் பொறுப்பு. ஒருமுறை அம்மாவிடம் சொன்னேன், "உன் ஒன்லி ஒரு வால்வும்மா. குழாயில எந்த இடத்துல வைக்கிறியோ அதுக்கு அப்புறம் இருக்கிறது மட்டும்தான் அடைபடும்."

"இதைச் சொல்ல உனக்கு நாலு வருஷப் படிப்பு" என்றாள். பிறகு சொன்னாள், "நம்ம 'மட்டும்' நல்ல பிள்ளை. யாரோட போகணுமோ அவங்க முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே போகும். இந்த ஒன்லி இருக்கே, கூட்டத்துல கையை விட்டா போதும், எவன் பின்னாடி வேணும்னாலும் போயிடும். நாமதான் கொண்டுபோய் விடணும்."

அதுதான் அவள் வேலை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு திருப்புளியோடு அந்தப் பிள்ளையை உரிய இடத்தில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ஒன்லியக்கா.

சொல் இல்லாத இடத்தில் இருக்கும் சொல்லை வைத்துச் சமாளிப்பாள். காவலாளியின் நாய் வருபவர்களைக் கடித்தது. நாய் என்ற சொல் தகடுகள் வைத்திருந்த தட்டில் இல்லை. எச்சரிக்கை என்ற சொல்லும் இல்லை. 'டூ நாட் வெயிட் ஹியர்' என்று மாட்டினாள். அதன் பிறகு யாரும் அங்கே காத்திருக்கவில்லை, நாயைத் தவிர.

அப்பாவும் அதே கட்டடம். லிஃப்ட் இயக்குநர். கிராதிக் கதவும் கைப்பிடியும் மர முக்காலியும் உள்ள பழைய லிஃப்ட். ஆறு பேர் போகலாம். அப்பா பலகை என்ன சொல்கிறதோ அதைச் செய்வார். காலையில் வந்ததும் லிஃப்டின் மேலே உள்ள பலகையை இரண்டு முறை படிப்பார், நேற்றும் அதுவே இருந்தாலும். பிறகுதான் முக்காலியில் உட்காருவார். வீட்டில் அம்மாவை 'நீ' என்பவர், அலுவலகத்தில் 'நீங்க' என்பார்.

மூன்றாவது ஆள், தண்ணிக்கார அக்கா. நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அம்மாவும் அப்படித்தான், மேலாளரும் அப்படித்தான். கீழே குழாயில் இருபது லிட்டர் கேனை நிரப்பி ஐந்து மாடிக்கும் தண்ணீர் கொண்டுபோவது அவள் வேலை. ஒரு நாளைக்குப் பதினாறு நடை. கணவன் இல்லை. ஒரு மகன். இரண்டு முழங்கால், இரண்டும் சரியில்லை. லிஃப்ட் இருந்ததால் வேலை இருந்தது.

எனக்குப் பதினொரு வயதானபோது புது மேலாளர் வந்தார். முதல் வாரமே லிஃப்டில் அவர் சட்டைக் கை அக்காவின் கேனில் நனைந்தது. இனி அதிகாரிகள் மட்டுமே லிஃப்டில் போகலாம் என்று உத்தரவு போட்டார். வாய்மொழி உத்தரவு. அம்மா தட்டிலிருந்து ஆறு தகடுகளை எடுத்துப் பன்னிரண்டு திருகுகளால் மாட்டினாள். 'ஒன்லி ஆபீசர்ஸ் மே யூஸ் திஸ் லிஃப்ட்.' ஒன்லி தலையில் உட்கார்ந்து அதிகாரிகளை அணைத்துக்கொண்டது. மற்றவர்களுக்குக் கதவு மூடியது. அம்மா செய்த மிகச் சரியான பலகைகளில் அது ஒன்று.

மறுநாள் அப்பா அக்காவை நிறுத்தினார். அதன் பின் அம்மாவையும் நிறுத்தினார். அன்றிரவு சாப்பிடும்போது நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"என்னையுமா ஏத்த மாட்டீங்க?"

"நீ ஆபீசரா?"

"நான் உங்க பொண்டாட்டி."

"போர்டுல அது இல்லையே."

"அந்த வார்த்தை தட்டுல இல்ல. இருந்திருந்தா நானே சேத்திருப்பேன்."

"சேத்திருந்தா நானும் ஏத்தியிருப்பேன்" என்றார் அப்பா. மோரை ஊற்றிக்கொண்டு, "போர்டை மாட்டினது நீதானே. என்கிட்ட ஏன் சண்டைக்கு வர?" என்றார்.

 அம்மாவுக்குத் தன் முழங்கால் பற்றிக் கவலை இல்லை. அக்கா நான்கு நாள் படியில் ஏறினாள். நான்காம் நாள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் கேனோடு உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு மாடி வரைக்கும் சொன்ன பேச்சைக் கேக்குது ஒன்லியக்கா" என்றாளாம். "நாலாவதுக்குத் திரும்பினா, 'நான் இங்கயே இருக்கேன், நீ போயிட்டு வா'ங்குது முழங்கால். அதை விட்டுட்டு நான் எங்க போக?"

மேலாளர் ஐந்தாம் மாடியில் இருந்தார். தண்ணீர் வரவில்லை. திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார். இளம் வயதில், நல்ல முழங்காலோடு.

சனிக்கிழமை மதியம் கட்டடம் காலியானதும் அம்மா ஏணியைப் போட்டாள். உத்தரவு ஒன்லி என்றது, ஒன்லி இருக்கட்டும். ஒரு தகட்டையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தலையில் இருந்த ஒன்லியைக் கழற்றி இரண்டு இடம் தள்ளி வைத்தாள். 'ஆபீசர்ஸ் மே ஒன்லி யூஸ் திஸ் லிஃப்ட்.' இப்போது வால்வு அதிகாரிகளின் பின்னால். மற்ற யாரைப் பற்றியும் அதில் பேச்சே இல்லை. மேலாளர் நிமிர்ந்து படிக்கும் ஆள் இல்லை, படித்தாலும் அதே ஆறு சொற்கள்தான் கண்ணில் படும், அக்கா பிழைத்துப் போவாள் என்பது அம்மாவின் கணக்கு. கட்டடத்தில் படிக்கும் ஆள் ஒருவர் இருந்தார் என்பதை மறந்துவிட்டாள். அவரோடுதான் பதின்மூன்று வருடமாகக் குடித்தனம்.

திங்கள் காலை அப்பா பலகையை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறையும் படித்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏறுங்கக்கா."

"போர்டு?"

"மாறிடுச்சு."

ஐந்தாம் மாடியில் தண்ணீர் இறங்கியது. அப்பா கீழே வந்தார். மேலாளரும் இரண்டு அதிகாரிகளும் ஏறினார்கள். அப்பா ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோனார். லிஃப்ட் நின்றது. கதவு திறக்கவில்லை.

"திறப்பா" என்றார் மேலாளர்.

"அதுக்கு அனுமதி இல்லைங்க சார்."

"எதுக்கு?"

"இறங்க. ஆபீசருங்க இந்த லிஃப்டைப் பயன்படுத்தலாம், அது ஒண்ணுதான் செய்யலாம்னு போட்டிருக்கு. இறங்கலாம், சீட்டுக்குப் போகலாம், கையெழுத்துப் போடலாம்னு எதுவும் இல்ல. நான் மூணு தடவை படிச்சேன்."

"உளறாதே. கீழ போ, நான் படிக்கிறேன்."

கீழே போனார்கள். பலகை கதவுக்கு மேலே, வெளிப்பக்கத்தில் இருந்தது. உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. படிக்க வேண்டுமென்றால் வெளியே வர வேண்டும். வெளியே வர அனுமதி இல்லை.

அப்பா இதை மரியாதையாக விளக்கினார். விளக்கியபடியே மறுபடி மேலே கொண்டுபோனார். நிற்கும் லிஃப்டில் நிற்பது பயன்பாடு ஆகாது என்பது அவர் கருத்து.

அப்படி ஒன்பது நடை. இரண்டாவது நடையில் ஐந்தாம் மாடியில் அக்கா காலிக் கேனோடு நின்றாள். அப்பா கதவைத் திறந்து, அதிகாரிகளைக் கையால் தடுத்து, அவளை ஏற்றிக்கொண்டார். கீழே இறக்கிவிட்டார். அடுத்த நடையில் நிறைந்த கேனோடு அவள் மறுபடி ஏறினாள்.

"இந்தம்மா மட்டும் எப்படி இறங்குறாங்க?" என்று கத்தினார் மேலாளர்.

"அவங்க ஆபீசர் இல்லையே சார்."

கூட வந்த அதிகாரிகளில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அவசரம். "ஐயா, நான் இன்னைக்கு ஒரு நாள் ஆபீசர் இல்லைப்பா. போதுமா?" என்றார்.

"எழுதிக் குடுத்துடுங்க சார்."

ஓர் உறையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டாம் மாடியில் இறங்கி ஓடினார். இன்னொருவரும் எழுதிக் கொடுத்தார். மேலாளர் எழுத மறுத்தார். அவரும் அப்பாவும் அக்காவும் கேனுமாக இன்னும் நான்கு நடை.

"சார், கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் அக்கா.

அவர் முறைத்தாராம். பிறகு குடித்தாராம்.

யாரோ ஓடிப்போய்ப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்தார்கள். அம்மா ஏணி மேல் ஏறி ஒன்லியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "இப்ப வந்து படிங்க" என்று கிராதி வழியாக அப்பாவிடம் சொன்னாள். அப்பா வெளியே வந்து படித்தார். 'ஆபீசர்ஸ் மே யூஸ் திஸ் லிஃப்ட்.' இரண்டாம் முறையும் படித்தார். கதவைத் திறந்தார். "இறங்கலாம் சார். இப்ப தடை ஒண்ணும் இல்ல."

விசாரணை பத்து நிமிடத்தில் மேலாளர் அறையில் தொடங்கியது. அப்பா நின்றார், அம்மா நின்றாள். அக்கா கேனை வாசலில் வைத்துவிட்டு, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, போகாமல் நின்றாள்.

"யாரு மாத்தினது?"

"நான்தான் சார்" என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஏன்?"

"முன்னாடி இருந்த இடத்துல இருந்தா அஞ்சாம் மாடிக்குத் தண்ணி வரல சார்."

"தண்ணி கொண்டுவர ஆயிரம் பேர் கிடைப்பாங்க. நாளைக்குக் காலையில நான் சொன்ன மாதிரி போர்டு இருக்கணும். இந்தம்மா படியில ஏறணும். முடியலன்னா வீட்டுக்குப் போகட்டும்."

அக்கா கேனின் மூடியைத் திருகினாள். ஏற்கனவே மூடியிருந்த மூடி.

"சரிங்க சார்" என்றாள் அம்மா. "எழுத்துல குடுத்துடுங்க. வாயால சொன்னதை வச்சு மாட்டித்தான் இவ்வளவும்."

மேலாளர் காகிதத்தை இழுத்தார். கோபத்தில் எழுதினார். ஆங்கிலத்தில், கடகடவென்று, எல்லாரும் பேசுகிற மாதிரி. 'ஆபீசர்ஸ் மே யூஸ் திஸ் லிஃப்ட்' என்று எழுதி, ஏதோ விட்டுப்போனது போல ஒரு கணம் நிறுத்தி, கடைசியில் 'ஒன்லி' என்று சேர்த்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார்.

அம்மா வாங்கிப் படித்தாள். தவறு எங்கே என்று அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்திருக்கும். முப்பத்து நான்கு ஆண்டுகளில் யார் தப்பாக எழுதிக் கொடுத்தாலும் அவள் திருத்தாமல் விட்டதில்லை. சிற்றுண்டி அறைக்காரர் எழுதியதைத் திருத்தியிருக்கிறாள், வருகை தந்த பெரிய அதிகாரி எழுதியதைத் திருத்தியிருக்கிறாள். அன்று வாசலைப் பார்த்தாள். அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"இப்படியே மாட்டிடவா சார்? ஒரு வார்த்தையும் மாத்தாம?"

"ஒரு வார்த்தை மாறினாலும் உன் வேலை போச்சு."

"சரிங்க சார்."

மறுநாள் காலை பலகையில் ஒன்லி வாலில் இருந்தது. அதிகாரிகள் இந்த லிஃப்டை மட்டும் பயன்படுத்தலாம். அப்பா இரண்டு முறை படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார், "வேற லிஃப்ட் இங்க ஏது?"

"இல்ல."

"அப்போ ஆபீசருங்க படியில போகக் கூடாது. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"சரி" என்று முக்காலியில் உட்கார்ந்தார். "ஏறுங்கக்கா."

பத்து மணிக்கு மேலாளர் வந்தார். லிஃப்டில் அக்கா இருந்தாள், கேனோடு. அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து நின்று, "உங்க போர்டுல இவங்களைப் பத்தி ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார். மேலாளர் இரண்டடி பின்னால் போய் நிமிர்ந்து படித்தார். உதடு அசையப் படித்தார். மறுபடி படித்தார். அவர் பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். உத்தரவில் அவர் கையெழுத்து, அவர் முத்திரை. மாற்றச் சொல்ல வேண்டுமென்றால் தான் எழுதியது தப்பு என்று படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டும்.

லிஃப்டில் ஏறினார். கேனிலிருந்து சட்டைக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

அந்தப் பலகை இருபத்தொரு வருடம் இருந்தது. அக்கா அதன் கீழே பதினான்கு வருடம் தண்ணீர் கொண்டுபோனாள். ஒருமுறை மின்சாரம் நின்றபோது பதினொரு அதிகாரிகள் தரைத்தளத்தில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். படிக்கட்டின் அடியில் அப்பா நின்றிருந்தார். அதைத் தவிர யாருக்கும் அந்தப் பலகையால் தொந்தரவு இல்லை.

அம்மா ஓய்வு பெற்ற மாதம் தகடுகள் எல்லாம் பழைய உலோகத்துக்குப் போயின. அச்சடித்த ஒட்டுத்தாள்கள் வந்தன. இப்போது அலமாரி முழுவதும் தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு தகடாவது எடுத்துவந்திருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. ஒப்படைப்புச் சீட்டின் நகல்தான் இருக்கிறது. ஒன்லி, அறுபது.

ஓய்வுக்குப் பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டாள். கைப்பையில் திருப்புளி, பசை, சிறு தூரிகை. கேட்காமல் எதையும் தொடமாட்டாள். முடிதிருத்தும் கடையில் ஒரு பலகை இருந்தது. படித்தால் இங்கே ஆண்கள் மட்டுமே வெட்டப்படுவார்கள் என்று வரும். அம்மா உள்ளே போய் விளக்கினாள்.

"ஏழு வருஷமா இருக்குக்கா. ஒருத்தனும் பயந்து ஓடலையே" என்றார் கடைக்காரர்.

"அது உன் கத்தரியோட அதிர்ஷ்டம். ஏணி இருக்கா?"

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா கீழே ஒரு நீள அறையில் உட்கார்ந்திருந்தார். காகிதங்கள் தயாராக ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அப்பா அசையவில்லை. கைகளை முழங்கால் மேல் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது, இறுக்கி மூடிய குழாய் போல.

"அப்பா, அழுதுடுங்கப்பா."

அவர் கண்ணால் சுவரைக் காட்டினார். பலகை. 'ஃபேமிலி மே ஒன்லி வெயிட் ஹியர்.' குடும்பத்தினர் இங்கே காத்திருக்க மட்டும் செய்யலாம்.

குடும்பத்தினர் இங்கே மட்டும் காத்திருக்கலாம் என்று சொல்ல வந்திருப்பார்கள். அதை எழுதியவருக்கு அப்பாவைப் போல ஒருவர் வந்து உட்காருவார் என்று தெரிந்திருக்காது. நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். ஒட்டுத்தாள். ஓரத்தில் நகத்தால் கிளப்பினேன். ஒன்லியைத் தனியாக எடுக்க வரவில்லை. முழுத் தாளும் ஒரே துண்டு.

அப்பாவைக் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கூட்டிப்போனேன். வாகனம் நிறுத்தும் இடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே, அவர் அழுதார். அங்கே பலகை எதுவும் இல்லை.

சனிக்கிழமை அம்மாவின் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஒன்லியக்கா? என்ன, நேத்து வரேன்னுட்டு ஆளையே காணோம்?"

குரல் உடனே தெரிந்தது. அக்காவுக்கு இப்போது எழுபத்தைந்து இருக்கும். செய்தி அவளுக்குப் போய்ச் சேரவில்லை. யாரிடமும் அவள் எண் இருக்கவில்லை, இந்தப் போனைத் தவிர. சொன்னேன். நான்கே சொற்களில் சொன்னேன்.

 மறுமுனையில் ஒரு மிக்ஸி ஓடி நின்றது.

"நானு ஏழாவது மாடியில இருக்கேன் பாப்பா" என்றாள் பிறகு. "மகன் வீடு. லிஃப்டுல புதுசா போர்டு போட்டிருக்காங்க. ரெசிடென்ட்ஸ் ஒன்லின்னு. மகன் பேருதான் பட்டியல்ல இருக்காம். நான் விருந்தாளியாம். வாட்ச்மேன் படியைக் காட்டுறான். ஒன்பது நாளாச்சு, கீழ இறங்கி. இறங்கிடுவேன். ஏறணுமே."

"மகன் என்ன சொல்றாரு?"

"பேசுறேன் பேசுறேன்னு சொல்றான். மனு குடுக்கணுமாம், கூட்டம் போடணுமாம். உங்க அம்மாகிட்ட போன்ல சொன்னேன். சிரிச்சாங்க. ரெண்டே வார்த்தையான்னு கேட்டாங்க. ஆமான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. ஒரு வழி இருக்கு, வெள்ளிக்கிழமை வரேன்னாங்க."

"என்ன வழின்னு சொன்னாங்களாக்கா?"

"நான் கேக்கலையே. அவங்கதான் வராங்களேன்னு இருந்துட்டேன்."

போனை வைத்துவிட்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். சொல் இரண்டு. ஒன்லி முன்னால் வந்தால் கதவு மூடியிருக்கிறது. பின்னால் வந்தாலும் மூடியிருக்கிறது. வேறு இடம் இல்லை. முக்கால் மணி நேரம் பார்த்தேன். நான் படித்ததில் இதற்குத் தீர்வு இல்லை.

சமையலறை நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் அம்மாவின் கையெழுத்து இருந்தது. 'பத்து மணி. அக்கா வீட்டு லிஃப்ட்.' தாளைக் கிழித்து அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டு முறை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"எப்படின்னு எழுதலையேம்மா" என்றார்.